குறைந்த தூரம் ஓடிய வண்டி

சூளகிரியில் நெடுஞ்சாலை ஓரமாக அரைமணி நேரம் நின்றால் போதும். இந்நாட்டில் ஓடுகின்ற வாகனங்களில் பெரும்பாலான வகைகளைக் கண்டுவிடலாம். கொத்தமல்லிக் கட்டுகளையும் தக்காளிப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்கு விரையும் சிறு லாரிகள், ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகள், வடநாட்டிலிருந்து தென்கோடி வரை போகும் பெரிய லாரிகள் ஆகிய எல்லாம், முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண்ணிடப்பட்டுள்ள இச்சாலை வழியேதான் போகவேண்டும். இவற்றினூடே சில ஆண்டுகளாகப் புதியதொரு காட்சியையும் காண்கிறோம். ஒரு காலத்தில் நகரத்துச் செல்வந்தர்களின் வாயிலில் மட்டுமே நின்ற உயர்தர டீசல் கார்கள், இன்று நம் ஊர்க் களத்துமேட்டில் ராகித்தாள் போரின் அருகே நிற்கின்றன.

இவற்றை வாங்கியோரைப் பழிப்பது என் நோக்கமன்று. நல்ல வண்டியில் தன் குடும்பத்தை ஏற்றிச் செல்ல வேண்டுமென்ற ஆசை எவருக்கும் உண்டு. வாங்கியவர்களுள் சிலர் நிம்மதியாக ஓட்டுகின்றனர். வேறு சிலரின் வண்டிகளோ, ஆறு மாதமாகப் பட்டறை வாசலில் பானட் திறந்தபடி நிற்கின்றன. இவ்விரு சாராருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் அதிர்ஷ்டத்தினால் வந்ததன்று என்பதே என் துணிபு.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோராண்டுகள் டீசல் இயந்திரங்களைப் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் உறவினரும் அண்டை அயலாரும் பழைய வண்டி வாங்கப் போகும்போது என்னையும் உடன் வரச் சொல்வதுண்டு. சென்ற ஆண்டு என் தமக்கையின் மகனும் அவ்வாறே அழைத்தான். அவன் சூளகிரிக்குக் கிழக்கே மூன்று ஏக்கரில் கொத்தமல்லியும் குடைமிளகாயும் பயிரிடுபவன். பாகப்பிரிவினையில் வந்த சிறு நிலம் ஒன்றை விற்ற பணம் அவனிடம் இருந்தது. அவன் தாய்க்குச் சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. வாரம் இருமுறை பெங்களூருக்கு அழைத்துச் சென்று டயாலிசிஸ் செய்யவேண்டும். நான்கு மணி நேரம் அந்த இயந்திரத்தோடு பிணைந்து கிடந்து எழும் உடம்பு, திரும்பி வரும்போது துணிபோல் துவண்டுவிடும். தாழ்வான காரில் குனிந்து ஏறவும் அவருக்கு முடியாது. ஜீப்பின் உயரத்திற்குக் காலைத் தூக்கவும் முடியாது. காருக்கும் ஜீப்புக்கும் நடுத்தரமான கிராஸ்ஓவர் என்னும் இவ்வகை வண்டியின் இருக்கைதான் அவர் இடுப்பின் உயரத்திற்குச் சரியாக அமைகிறது. ஆதலால் அவன் தேடியது ஆடம்பரத்தை அன்று.

“பதினைந்து லட்சத்திற்குள் நல்ல வண்டி கிடைக்கிறது, மாமா. நீங்கள் வந்து ஒரு முறை பார்த்துச் சொன்னால் போதும்” என்றான்.

புதிதாய் முப்பது, நாற்பது லட்சத்திற்கு விற்ற வண்டி எட்டாண்டுகளில் மூன்றிலொரு பங்கு விலைக்கு வந்துவிடுவது இச்சந்தையில் சாதாரணம். ஏன் இவ்வளவு சரிகிறது என்று வாங்குபவர் கேட்பதில்லை. கம்பெனியின் உத்தரவாதக் காலம் முடிந்தவுடன் செலவு யார் தலையில் விழும் என்பது முதல் சொந்தக்காரருக்குத் தெரியும். அதற்கு முன்பே கைமாற்றிவிடுகிறார். வேறொரு காரணமும் உண்டு. தில்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓடக்கூடாதென்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2025-இல் அவ்விதி ஓரளவு தளர்த்தப்பட்டதாயினும், இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே விலைபோகாத நல்ல வண்டிகளும் நைந்த வண்டிகளும் கலந்தே பிற மாநிலங்களுக்கு வந்து சேர்ந்தன. ஆக, வண்டியின் விலை ஆண்டுதோறும் குறைகிறது. அதன் உதிரி பாகங்களின் விலையோ ஒரு ரூபாயும் குறைவதில்லை. பதினொரு லட்சத்திற்கு வாங்கினாலும் பழுது பார்ப்பது நாற்பது லட்ச ரூபாய் வண்டியைத்தான். என் மருமகனிடம் முதல்நாளே இதைச் சொல்லி, கையிலுள்ள பதினைந்தில் இரண்டு லட்சத்தை வங்கியில் தனியே ஒதுக்கச் செய்தேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒதுக்கினான்.

பழைய டீசல் இயந்திரத்தோடு பழகியவர்கள் இன்றைய டீசலையும் அவ்வாறே எண்ணிவிடுவது இயல்பு. மேட்டடோர் வேன் ஓடிய காலத்தில், மண்ணெண்ணெய் கலந்த டீசலைக் குடித்தும், புகை கக்கியும், மூன்று மாதத்திற்கொருமுறை ஆயில் மாற்றியும் அவ்வியந்திரங்கள் உழைத்தன. இன்றைய வண்டியில் டீசல் 1,600 பார், சிலவற்றில் 2,000 பார் அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. நம் கார்ச் சக்கரத்திலுள்ள காற்றின் அழுத்தம் இரண்டு பாருக்குச் சற்றே மேல் என்றால் ஒப்பிட்டுக் கொள்ளலாம். அவ்வழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் துளை தலைமயிரைக் காட்டிலும் பெரிதாக இராது. டீசலில் சிறிது நீர் கலந்திருந்தாலும் அது கெடும். ஒன்று கெட்டால் மாற்றும் செலவு பல பத்தாயிரங்களில் வரும். டர்போ என்னும் காற்றூட்டியோ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் ஒன்றே.

நாங்கள் பார்த்த முதல் வண்டி பெங்களூரின் நடுவே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நின்றது. 2020-இல் வாங்கியது. மீட்டரில் 21,000 கிலோமீட்டர்தான் காட்டியது. மேனியில் ஒரு கீறலில்லை. உள்ளே புதுத்தோலின் மணம்கூட மாறவில்லை. வயது முதிர்ந்த ஒருவர், காலையில் உடற்பயிற்சிக்கும் மாலையில் பேரப்பிள்ளையை அழைத்துவரவும் மட்டுமே ஓட்டியது. விலை பதினைந்து லட்சம். மருமகனின் முகம் மலர்ந்துவிட்டது. “ஓடவே இல்லை, மாமா!” என்று என் காதருகே சொன்னான்.

ஓடாமையே அவ்வண்டியின் நோய் என்று அவனுக்கு விளக்குவது அன்று எளிதாக இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப்பின் வந்த டீசல் கார்களில், புகைக்குழாயின் வழியில் ஒரு கரி வடிகட்டி வைத்திருக்கிறார்கள். டி.பி.எஃப். என்று பட்டறைகளில் சொல்வது இதைத்தான். இயந்திரம் கக்கும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்தபின் அக்கரியை எரித்தாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் தேவை. நெடுஞ்சாலையில் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் தொடர்ந்து ஓடினால் அந்த எரிப்பு தானாகவே நடந்துவிடும். நகரத்து நெரிசலில் இரண்டு கிலோமீட்டர் போய் நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. இயந்திரம் சூடேறுமுன்பே சாவி திருப்பப்பட்டுவிடுகிறது.

இத்தோடு முடிந்தால் வடிகட்டி ஒன்றை மாற்றிவிட்டுப் போகலாம், அதன் விலை லட்சத்தைத் தாண்டினாலும். ஆனால் இதன் தொடர்ச்சி இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளும் போகிறது. கரியை எரிக்கும் வெப்பத்தை உண்டாக்க, பல வண்டிகளில் கணினி சிறிது டீசலைப் பிந்திய நேரத்தில் சிலிண்டருக்குள் தெளிக்கும். எரிப்பு பாதியில் நின்றுபோகும் ஒவ்வொரு தடவையும் அந்த டீசலில் ஒரு பகுதி சிலிண்டர்ச் சுவர் வழியாக வழிந்து இன்ஜின் ஆயிலோடு கலக்கிறது. ஆயில் நீர்த்துப் போகிறது. டர்போவைத் தாங்கும் அந்த மெல்லிய படலம் பலமிழக்கிறது. நான் பானட்டைத் திறந்து ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். உச்சக்கோட்டுக்கு விரற்கடை மேலே ஆயில் நின்றது. முகர்ந்தபோது டீசல் நாற்றம். ஓடும் இயந்திரத்தில் ஆயில் குறையுமேயன்றிக் கூடாது. கூடியிருந்தால் அங்கே வேறேதோ சேர்ந்திருக்கிறது. இக்குறை எந்த ஒரு கம்பெனிக்கும் உரியதன்று. அமைப்பின் தன்மை அது. வண்டியின் சொந்தக்காரரும் நேர்மையான மனிதர்தாம். தம் வண்டிக்கு இவ்வாறு நேர்ந்திருப்பது அவருக்கே தெரியாது. காப்பி கொடுத்து உபசரித்தார். விடைபெற்று வந்தோம்.

இரண்டாவது வண்டி ஒரு வியாபாரியின் கொட்டகையில் நின்றது. 2018 மாடல், விலை பத்து லட்சம், இதைவிடப் பெரிய பெயர் கொண்டது. இங்கே நான் பானட்டைத் திறக்கவில்லை. பின்கதவைத் திறந்து, விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னி வைக்கும் குழியைப் பார்த்தேன். கழுவியிருந்தார்கள், எனினும் மூலையிலிருந்த மடிப்பில் நுண்ணிய வண்டல் உலர்ந்து ஒட்டியிருந்தது. பிறகு ஓட்டுநர் இருக்கையின் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். வழக்கமாக வெளியே வராத அதன் அடிப்பகுதியில், வயல்வரப்பில் நீர் வற்றிய தடம் போல ஒரு பழுப்புக் கோடு. இருக்கையைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளிலும் துரு. வெயிலிலும் மழையிலும் நின்ற வண்டிக்கு வெளியே துரு வரலாம். இருக்கைக்கு அடியில் வருவதற்கு உள்ளே நீர் புகுந்திருக்கவேண்டும்.

2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதியில் பெருமழை பெய்து, ஏமலூர் பக்கத்துச் செல்வர் குடியிருப்புகளில் விலையுயர்ந்த கார்கள் கூரையளவு நீரில் நின்ற படங்களைச் செய்தித்தாள்களில் யாவரும் பார்த்தோம். சென்னையில் 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரிலும் இவ்வாறே நிகழ்ந்தது. அப்படி மூழ்கிய வண்டிகளுள் பலவற்றைக் காப்பீட்டுக் கம்பெனிகள் முழுநட்டமென்று கணக்கெழுதி ஏலத்தில் விடுவது வழக்கம். ஏலமெடுப்பவர்கள் எல்லோரும் அவற்றைக் கழித்து இரும்பாக்குவதில்லை. சிலர் கழுவிக் காயவைத்து, வாசனைத் தைலம் தெளித்து, மறுபடி விற்பனைக்கு நிறுத்துகின்றனர். இத்தகைய வண்டியில் கணினிப் பெட்டிகள் பத்துக்கும் மேல். அவற்றை இணைக்கும் கம்பிகளின் முனைகளில் பச்சைக் களிம்பு மெல்ல மெல்லப் படர்கிறது. வாங்கிய அன்று எல்லாம் வேலை செய்யும். எட்டாம் மாதம் ஒரு நாள், பாதி வழியில், காரணம் தெரியாமல் நின்றுபோகும். டயாலிசிஸ் முடித்துத் துவண்டு வரும் தாயை வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி சோதனைச்சாவடி அருகே நிற்க நேர்ந்தால் என்னவென்று மருமகனைக் கேட்டேன். அவன் வியாபாரியிடம் முன்பணம் கொடுக்க எடுத்திருந்த உறையைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டான்.

திரும்பும் வழியெல்லாம் அவன் தன் கைப்பேசியில் வேறு வண்டிகளைக் காட்டி, இது எப்படி, அது எப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தான். வாசக அன்பர்களுக்கும் அது பயன்படுமாதலால், ஊரறிந்த செய்திகள் சிலவற்றை இங்கே குறிக்கிறேன்.

பி.எம்.டபிள்யூ கம்பெனி சென்னைக்கு அருகே 2007 முதல் கார்களைப் பூட்டி வருகிறது. அதன் எக்ஸ்1 என்னும் சிறிய கிராஸ்ஓவர் 2010 டிசம்பரில் நம் நாட்டுக்கு வந்தது. அக்காலத்து இரண்டு லிட்டர் டீசல் இயந்திரத்திற்கு என்47 என்று பெயர். பெரும்பாலான இயந்திரங்களில் டைமிங் செயின் முன்பக்கம் இருக்கும். இதிலோ பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. 2007 முதல் 2011 தொடக்கம் வரை செய்யப்பட்ட இவ்வியந்திரங்களில் அந்தச் செயின் விரைவில் தேய்வதும் அறுவதும் உலகெங்கும் பேசப்பட்டது. செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இயந்திரமே பாழாகும். அறுமுன் மாற்றுவதானாலும், செயினின் விலையைவிட அதை எட்டுவதற்கு ஆகும் கூலி அதிகம். கியர்பாக்ஸையோ இயந்திரத்தையோ இறக்கியாக வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்புறமிருந்து இரும்பு உரசும் ஓசை வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்பது ஒன்றே ஏழையின் பரிசோதனை. விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவது நலம்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி ஆகிய மூன்று பெயர்களிலும் வந்த இஏ189 என்னும் டீசல் இயந்திரத்தின் கதை வேறு. மாசு சோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி அதன் கணினி அமைக்கப்பட்டிருந்தது 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் வெளிப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் இந்தியாவிலும் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்துவதாக அக்கம்பெனி அறிவித்தது. அவற்றுள் 36,500 ஆடி கார்கள். அக்காலத்து வண்டி ஒன்றை வாங்குவோர், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்று சேசிஸ் எண்ணைக் கொடுத்துச் சர்வீஸ் நிலையத்தில் கேட்டறியலாம்.

பெயர் எதுவானாலும் பொதுவான தொல்லைகள் சில உள. புகையில் ஒரு பகுதியை மீண்டும் இயந்திரத்துக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வில் கரியும் ஆயில் ஆவியும் சேர்ந்து தார்போல் இறுகிவிடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று சில கம்பெனிகள் சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைச் செய்து தரும் ஜெர்மானிய நிறுவனமான இசட்.எஃப். அதை ஒத்துக்கொள்வதில்லை, 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. யாருடைய ஆயுளைக் கணக்கிட்டார்களோ, எனக்கு விளங்கவில்லை. காற்று இறங்கினாலும் ஓடும் ரன்-ஃப்ளாட் டயர்கள் நம் ஊர்ப் பள்ளங்களில் பக்கவாட்டில் வீங்கிவிடுகின்றன. நான்கையும் மாற்றும் விலைக்கு ஒரு நல்ல கறவை மாடு வாங்கலாம்.

ஆவணங்களைப் பற்றியும் ஒரு சொல். எல்லைப்புறத்தில் வாழும் நமக்குக் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டி மலிவாகத் தெரிவது இயற்கை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி, வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கேயே புதிய எண் பெற்றாக வேண்டும். அதற்கு அம்மாநில அலுவலகத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். தமிழ்நாட்டின் வரியையும் கட்டவேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திரும்பக் கேட்பது விற்றவரும் வாங்கியவரும் ஒத்துழைத்துச் செய்யவேண்டிய காரியம். இந்தச் செலவைச் சேர்த்துத்தான் விலையைப் பேசவேண்டும். விற்பவருக்கும் இதில் அக்கறை இருக்கவேண்டும். ஏனெனில் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது. கடன் பாக்கி, அபராதச் சலான்கள் ஆகியவற்றையும் கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும்.

மூன்றாவது வண்டியை நாங்கள் ஓசூரிலேயே பார்த்தோம். முதல் வண்டியைப் போலவே 2020-இல் வந்தது. ஆனால் மீட்டரில் 1,18,000 கிலோமீட்டர். தொழிற்சாலை அதிகாரி ஒருவர் சேலத்துக்கும் கோவைக்கும் வாரந்தோறும் தாமே ஓட்டிச் சென்றது. முன்புறத்தில் கற்கள் தெறித்த புள்ளிகள். ஓட்டுநர் இருக்கையின் தோல் ஒரு பக்கம் நைந்திருந்தது. மருமகன் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.

“லட்சத்துக்கு மேல் ஓடியது, மாமா. இதையா?” என்றான்.

நான் சர்வீஸ் ரசீதுகளைக் கேட்டேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றாக, தேதி வரிசையில், ஒரு கோப்பில் கட்டி வைத்திருந்தார். மீட்டரைத் திருத்தியிருக்கக்கூடும் என்ற ஐயம் வந்தால் தீர்த்து வைப்பவை அந்த ரசீதுகளே. ஒவ்வொன்றிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதப்பட்டிருக்கும். ஆயில் கோட்டுக்குள் நின்றது. தெரிந்த மெக்கானிக் ஒருவரை வரவழைத்து ஸ்கேனரை மாட்டினோம். கரி வடிகட்டியில் கரி குறைவு; கடைசி எரிப்பு முழுமையாக முடிந்திருந்தது. இன்ஜெக்டர்கள் நான்கும் சமமாகத் தெளித்தன. கியர்பாக்ஸ் ஆயில் மட்டும் ஒரு தடவைகூட மாற்றப்படவில்லை. முன் சஸ்பென்ஷனின் ரப்பர்ப் புஷ்கள் தேய்ந்திருந்தன. டயர்கள் இன்னும் சில மாதமே தாங்கும். இவை கண்ணுக்குத் தெரியும் குறைகள். இன்ன தொகை ஆகும் என்று தாளில் எழுதிக் கூட்டிவிடலாம். எழுதிக் கூட்டி, அந்தத் தாளை விற்பவர் முன் வைத்தேன். பன்னிரண்டே முக்கால் கேட்டவர் பதினொன்றரைக்கு இறங்கினார்.

மருமகன் அன்றிரவு உறங்கவில்லை என்று அவன் மனைவி பிறகு சொன்னாள். மறுநாள் தாயை அழைத்து வந்து உட்காரவைத்துப் பார்த்தான். அக்காள் வண்டியின் பெயரையும் கேட்கவில்லை, மீட்டரையும் பார்க்கவில்லை. கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, யார் தோளிலும் கை வைக்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொண்டார். “இது போதும்டா” என்றார்.

வண்டி அவன் பெயருக்கு மாறி ஒன்பது மாதமாகிறது. முதல் இரண்டு மாதத்திலேயே கியர்பாக்ஸ் ஆயில், புஷ்கள், நான்கு டயர்கள், பாட்டரி என்று ஒதுக்கிய பணத்தில் 1,37,000 ரூபாய் போயிற்று. அதன்பின் ஆயில் மாற்றியதைத் தவிரச் செலவில்லை. மீதமுள்ள அறுபத்து மூவாயிரத்தை வேறெதற்கும் எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். டர்போ இன்னும் பழையதுதான். செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலை ஐந்து மணிக்கு அவர்கள் புறப்படுகிறார்கள். போக அறுபத்தைந்து, வர அறுபத்தைந்து கிலோமீட்டர். அதில் ஓசூர் வரையுள்ள திறந்த சாலையில் இருபது நிமிடம் நிதானமான வேகத்தில் ஓடும்போது, வடிகட்டியிலுள்ள கரி எரிந்து தீர்ந்துவிடுகிறது. மருமகன் இப்போது சாவியை அணைக்குமுன் விசிறி ஓசையைக் காது கொடுத்துக் கேட்கிறான். எரிப்பு முடியாமல் அது உரக்கச் சுழன்றுகொண்டிருந்தால், மருத்துவமனை வாயிலில் தாயை இறக்கிவிட்டு, இன்னும் ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறான்.